இருமல் சுவிட்ச்

என் சிட்டுவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நீயும் மாப்பிள்ளையும், உன் வயிற்றில் ஏழு மாதமாகக் குடியிருக்கிற குட்டியும் சுகமாக இருக்கிறீர்கள் என்ற நம்பிக்கையோடு எழுதுகிறேன். இதற்கு அடுத்த வரியில் இங்கே நானும் சுகம் என்று எழுதுவதுதான் முறை, அந்த ஒரு வரியை மட்டும் இந்தத் தடவை கடிதத்தின் கடைசிக்குத் தள்ளி வைத்திருக்கிறேன். அதற்காகப் பதறிக்கொண்டு கடைசிப் பக்கத்தைத் திருப்பாதே. கதைப் புத்தகம் வாங்கிக் கொடுத்தால் முடிவை முதலில் படித்துவிட்டு அப்புறம் முதல் பக்கத்துக்கு வருகிற ஆள் நீ, அதனால்தான் முன்கூட்டியே சொல்கிறேன். நின்றுகொண்டு படிக்காதே, கால் வீங்கும். உட்கார்ந்து, காலை எதன் மேலாவது தூக்கி வைத்துக்கொண்டு, பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீரோடு படி. இன்றைக்கோ நாளைக்கோ என்கிற மாதிரி சேதி எதுவும் இதில் இல்லை, அதையும் சொல்லிவிட்டேன், இனி நிதானமாகப் படிக்கலாம்.

வாராவாரம் ஞாயிற்றுக்கிழமை போனில் பேசிக்கொள்கிறோமே, அப்புறம் எதற்கு அம்மா திடீரென்று பேனாவைப் பிடித்திருக்கிறாள் என்று நினைப்பாய். போனில் சொல்ல எனக்கு மூச்சு போதவில்லை சிட்டு, அதுதான் காரணம். இந்த விஷயத்தை அதில் ஆரம்பித்தால் இரண்டாவது வாக்கியத்தில் எனக்கு இளைக்கும், மூன்றாவதில் இருமல் வரும், நாலாவதுக்குள் நீ அழ ஆரம்பித்துவிடுவாய், சொல்ல வந்தது சொல்லாமலே போய்விடும். காகிதத்தில் அந்தத் தொல்லை இல்லை. இரண்டு வரிக்கு ஒரு தடவை பேனாவை வைத்துவிட்டு மூச்சு வாங்கிக்கொள்கிறேன், உனக்கு அது தெரியவே தெரியாது. இவ்வளவு எழுதுவதற்குள் ஜன்னல் வெயில் மேஜை வரைக்கும் நகர்ந்து வந்துவிட்டது.

முதலில் வீட்டுச் சேதி. சமையலறைக் குழாய் ஒழுகுவது நின்றது, கீழ்வீட்டுப் பூட்டுக்காரர்தான் வந்து சரிசெய்தார். அவர் தொழில் பூட்டும் சாவியும் என்றாலும் எதைப் பார்த்தாலும் கை சும்மா இருக்காது, போன வாரம் கேட்காமலே என் மூக்குக் கண்ணாடியின் காலையும் இறுக்கிக் கொடுத்துவிட்டுப் போனார், இப்போது காது வலிக்கிறது. நம் வீட்டு மாற்றுச் சாவி ஒன்று அவரிடம் இருக்கிறது. மாடிப்படி திரும்புகிற இடத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும் போட்டு வைத்திருக்கிறார். யாருக்காக என்று வருகிறவர்கள் கேட்டால் பூனைக்காக என்கிறார். அந்தப் பூனை நான்தான். பதினெட்டுப் படியில் ஒன்பதாவதில் உட்கார்ந்து, ஐந்து நிமிஷம் தெருவைப் பார்த்துவிட்டு, அப்புறம் மீதி ஒன்பது. தெருவில் புதிதாக ஒன்றும் இல்லை. பள்ளிக்கூட வேன் எட்டு இருபதுக்கு வருகிறது, எட்டு பதினைந்துக்கு வர வேண்டியது.

ஏன் ஏறமுடியவில்லை என்பதைச் சொல்ல வேண்டுமென்றால் என் பழைய வேலையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். முப்பத்தொரு வருஷம் பேருந்து நிலையத்துக் கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்து எந்த வண்டி எந்தத் தடத்தில் எத்தனை மணிக்கு என்று மைக்கில் சொன்னவள் நான், உனக்குத் தெரியாததா. அந்த மேஜையில் இடது கைப் பக்கம் இருந்த சிவப்புப் பொத்தானும் உனக்கு நினைவிருக்கும். அதை அமுக்கிப் பிடித்திருக்கிற வரைக்கும் மைக் ஊமை, விரலை எடுத்தால் பேசும். எங்களுக்குள் அதற்குப் பெயர் இருமல் சுவிட்ச். வேலைக்குச் சேர்ந்த அன்றைக்குப் பழைய அறிவிப்பாளர் அதைக் காட்டி, “ஜனங்க அவங்கவங்க ஊருக்குப் போய்ச் சேரணும், உன் சளியையும் கூட ஏத்தி அனுப்பாத” என்றார். அன்றிலிருந்து என் இருமல், தும்மல், கொட்டாவி எதையும் ஒரு பயணியும் கேட்டதில்லை. போகப் போக இருமல் வருவதற்கு முன்னாலேயே கட்டை விரல் அங்கே போய்விடும். உன் அப்பா இறந்து பதினோராம் நாள் வேலைக்குப் போனபோது அன்று முழுக்க ஓர் அறிவிப்புக்கும் அடுத்ததுக்கும் நடுவில் விரல் அதன் மேலேயேதான் இருந்தது, ஆனால் ஒரு வண்டியைக்கூட நான் தவறாகச் சொல்லவில்லை. டைம்கீப்பர் எட்டிப் பார்த்து, “மைக் அம்மா, இன்னைக்குக் குரல் ரொம்பத் தெளிவு” என்றார். எனக்கு அதில் பெருமையாகக்கூட இருந்தது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன வருஷம் மார்பில் கட்டியை எடுத்தபோது நீ லீவு போட்டு வந்து மூன்று வாரம் என் கூடவே இருந்தாய். ஆபரேஷனோடு போதும், எல்லோரும் கரண்ட் வைப்பது என்று சொல்கிறார்களே அந்த ரேடியேஷன் எனக்கு வேண்டாம் என்று நான் அடம் பிடித்தேன். நீ டாக்டரம்மாவிடம் ஒரு நோட்டு நிறையக் கேள்வி எழுதிக்கொண்டு போய்க் கேட்டுவிட்டு வந்து, வைத்தே ஆக வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாய். வைத்தார்கள். இருபத்தைந்து நாள், தினமும் அந்த மேஜையில் கையைத் தலைக்கு மேல் தூக்கிப் படுத்திருந்தேன், வலியே இல்லை, தோல் மட்டும் கறுத்துப் பொசுங்கிய மாதிரி இருந்து பிறகு உரிந்து சரியானது. எல்லாம் முடிந்தது என்று நீயும் நானும் போனில் சிரித்துக்கொண்டோம். இரண்டு மாதம் கழித்து ஒரு வறட்டு இருமல் ஆரம்பித்தது. சளி இல்லை, தொண்டை வலி இல்லை, சாயங்காலமானால் உடம்பு லேசாகக் கணகணவென்று இருக்கும். கொசுவத்திப் புகையாக இருக்கும் என்று சுருளை மாற்றினேன், தலையணையை வெயிலில் போட்டேன்.

மூன்றாவது மாதம் பரிசோதனைக்குப் போனேன். டாக்டரம்மா நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்துவிட்டு, “இருமல் ஏதாவது இருக்காம்மா, மூச்சு வாங்குதா?” என்று கேட்டார். அந்தக் கேள்வி வந்த நேரத்தில் தொண்டையில் இருமல் தயாராக நின்றுகொண்டிருந்தது. என் இடது கட்டை விரல் நாற்காலிக் கையை அமுக்கிப் பிடித்துக்கொண்டது சிட்டு, சத்தியமாக நான் யோசித்துச் செய்யவில்லை. இருமல் அப்படியே உள்ளே போய்விட்டது. “அதெல்லாம் ஒண்ணும் இல்லைங்க டாக்டர்” என்று, மூன்றாம் தடத்தில் வண்டி புறப்படத் தயாராக உள்ளது என்று சொல்கிற அதே குரலில் சொன்னேன். அவர் நம்பிவிட்டார். அந்தக் குரலை நம்பி இந்த ஊரில் எத்தனை ஆயிரம் பேர் வண்டி ஏறியிருக்கிறார்கள், அவர் நம்பியதில் என்ன தப்பு. சின்னதாக எது வந்தாலும் உடனே வரவேண்டும் என்று இரண்டு தடவை சொல்லி அனுப்பினார். நான் போகவில்லை. இதில் விரலின் மேல் மட்டும் பழியைப் போட முடியாது. மறுபடியும் ஸ்கேன், மறுபடியும் ஆஸ்பத்திரி, நீ மறுபடியும் லீவு கேட்டு அங்கே யாரிடமோ கெஞ்சி நிற்பாய் என்று ஒரு கணக்குப் போட்டுத்தான் வீட்டில் உட்கார்ந்தேன்.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்து குட்டி வரப்போகிறது என்று சொன்னாய். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மறுநாள் காலையில் கீழே போய்ப் பூட்டுக்காரர் பெண்டாட்டியிடம் சொல்லிவிட்டுத் திரும்பி ஏறும்போது பாதிப் படியில் மூச்சு நின்றுவிட்ட மாதிரி ஆகிவிட்டது. காற்றை இழுக்கிறேன், உள்ளே போகவே மாட்டேன் என்கிறது. அப்படியே உட்கார்ந்து சுவரைத் தட்டினேன். பூட்டுக்காரர் ஓடிவந்து, என்னை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு போய் ஆட்டோவில் வைத்தார், ஐம்பத்தெட்டு கிலோ. நாலு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தேன். போனை ரிப்பேருக்குக் கொடுத்திருக்கிறேன் என்று அவர் உனக்கு மெசேஜ் அனுப்பினாரே, அது இந்த நாலு நாள்தான், அந்தப் பொய் என்னுடையது, அவரைக் கோபித்துக்கொள்ளாதே. கட்டி இருந்த பக்கத்துக்குக் கரண்ட் வைத்தபோது அதற்குப் பின்னால் இருக்கிற நுரையீரலின் ஓரத்திலும் அது பட்டிருக்கிறது, சில பேருக்கு இரண்டு மூன்று மாதம் கழித்து அந்த இடம் வீங்கிப் புண்ணாகும், எனக்கு ஆகியிருக்கிறது. டாக்டரம்மா படத்தை விளக்கில் வைத்துக் காட்டினார், ஒரு பக்கம் மட்டும் துணியில் கஞ்சி காய்ந்த மாதிரி வெள்ளையாக இருந்தது. “இருமல் வந்தப்பவே வந்திருந்தீங்கன்னா மாத்திரையிலயே பெரும்பாலும் அடங்கியிருக்கும்மா, இப்போ வீக்கம் வத்திடும், தழும்பு நின்னுடும்” என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை, மெதுவாகச் சொன்னார். எனக்கு அது தாங்கவில்லை.

மாத்திரை நாலு மாதம் சாப்பிட்டேன், கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து இப்போது நிறுத்தியாயிற்று. அது பசியைக் கிளப்பி, முகத்தை ஊத வைத்துவிடும். ஒரு தடவை நீ வீடியோவில் கூப்பிட்டபோது, “அம்மா, முகம் எவ்வளவு தெளிஞ்சிருக்கு, பூசினாப்ல இருக்க, இப்பதான் நிம்மதியா இருக்கு” என்றாயே, அது மாத்திரை போட்ட பூச்சு. தெருவில் பார்க்கிறவர்கள் எல்லோரும் அதையேதான் சொன்னார்கள், என் வாழ்நாளில் அவ்வளவு அழகாக நான் இருந்ததே இல்லை. அதற்கப்புறம்தான் நெட் இழுக்கிறது என்று சாக்குச் சொல்லி வெறும் போனுக்கு வந்தேன். வெறும் போனில், நம் பக்கத்துச் சத்தத்தை அணைக்கிற மியூட் பொத்தான் இருக்கிறது, அமுக்கினாலும் உனக்குத் தெரியாது. நீ பேசுவாய், எனக்கு இருமல் வரும், விரல் அதில் போகும், இருமி முடித்து விரலை எடுத்து ம் என்பேன். “முன்னெல்லாம் பேசவே விடமாட்ட, இப்ப எவ்வளவு பொறுமையா கேக்கற” என்று நீ சொன்னாய். பொறுமை எங்கேயிருந்து வந்தது, மூச்சு இல்லை, அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை உன்னோடு கொஞ்சமாவது சேர்ந்தாற்போல் பேச வேண்டுமென்று சனிக்கிழமை முழுக்க யாரோடும் வாயைத் திறக்க மாட்டேன். உண்மையைச் சொன்னால் அது பெரிய கஷ்டமில்லை, திறந்தாலும் பேச இங்கே யார் இருக்கிறார்கள். சில வாரம் செவ்வாய்க்கிழமை வரைக்கும் என் குரலை நானே கேட்காமல் இருந்திருக்கிறேன். சிரிக்கலாம் நீ, முப்பத்தொரு வருஷம் வாய் ஓயாமல் பேசியவளுக்கு இந்தக் கதி.

போன மாதம் ஒரு நாள் பேருந்து நிலையத்துக்குப் போனேன். எவ்வளவு தூரம் நடக்க முடிகிறது என்று பார்க்க டாக்டரம்மா சொல்லியிருந்தார், விரலில் மாட்டினால் ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று காட்டுகிற கிளிப் ஒன்று கொடுத்திருக்கிறார், உட்கார்ந்திருந்தால் தொண்ணூற்று நாலு காட்டும், நடந்தால் எண்பத்தேழுக்கு இறங்கும், இறங்கினால் உட்கார வேண்டும். வாசலிலிருந்து கூண்டு வரைக்கும் மூன்று தடவை உட்கார்ந்தேன். கூண்டில் இப்போது யாரும் இல்லை, ஒரு கம்ப்யூட்டர், அதில் நான் ஓய்வு பெறுவதற்கு முன் பதிவு செய்து கொடுத்த குரல்தான் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. பெஞ்சில் உட்கார்ந்து கேட்டேன். அந்த நீளமான அறிவிப்பு உனக்குத் தெரியும், வழியில் நிற்கிற பதினான்கு ஊரையும் ஒரே மூச்சில் சொல்லி முடிப்பேனே, நீகூட உன் தோழிகளிடம் பந்தயம் கட்டுவாய். அது வந்தது. கூடவே நானும் வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன், நாலாவது ஊரில் எனக்கு நின்றுவிட்டது, மேலே ஒலிபெருக்கியில் நான் மட்டும் போய்க்கொண்டே இருக்கிறேன். பக்கத்தில் குழந்தையோடு இருந்த பெண், “ஆறாம் தடம் எந்தப் பக்கம்மா?” என்று என்னைக் கேட்டாள். நான் மூச்சைச் சேர்த்துக்கொண்டு பதில் சொல்வதற்குள், ஆறாம் தடம் நுழைவாயிலின் இடப்புறம் என்று மேலே இருந்து நானே சொல்லிவிட்டேன். அவள் என்னை விட்டுவிட்டு ஒலிபெருக்கியைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனாள். ரொம்ப நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். அந்தக் குரல் என்னுடையது என்று யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது, டைம்கீப்பரும் மாற்றலாகிப் போய்விட்டார், யாரிடம் சொல்ல.

இவ்வளவையும் இப்போது ஏன் கொட்டுகிறேன் என்றால் டிக்கெட் விஷயத்துக்காக. உன் பிரசவத்துக்கு வருகிறேன் என்று நான்தான் குதித்தேன், நீயும் தேதி பார்த்துப் போட்டுவிட்டாய். போன வாரம் டாக்டரம்மாவிடம் கேட்டேன். மேலே பறக்கும்போது விமானத்துக்குள்ளே காற்று மெல்லிசாகிவிடுமாம், நல்ல நுரையீரலுக்கு அது தெரியாது, எனக்குத் தெரியும். “பன்னெண்டு மணி நேரம் வேண்டாம்மா, இந்த வருஷம் நினைச்சுக்கூடப் பாக்காதீங்க” என்று சொல்லிவிட்டார். நான் வரமாட்டேன் சிட்டு. இந்த மூன்று சொல்லை எழுத எனக்கு இரண்டு நாள் ஆயிற்று, மூச்சு வாங்கியதால் இல்லை. பெட்டி கட்டிலுக்கு அடியில் பாதி நிறைந்து கிடக்கிறது, குட்டிக்குத் தைத்த பருத்திச் சட்டை பதினொன்று, பழைய புடவை கிழித்துத் துவைத்து மெத்தென்று ஆக்கிய துணிகள், உனக்கு இடுப்பில் கட்ட அகலத் துணி, எல்லாவற்றையும் பூட்டுக்காரர் பார்சலில் அனுப்பி வைப்பார். டிக்கெட்டை ரத்து செய்துவிட்டு உன் மாமியாரைக் கூப்பிடு. அந்தம்மா நல்லவர், வாய்தான் கொஞ்சம் நீளம், அதுவும் என் அளவுக்கு இல்லை. குட்டியை முதலில் அவர் தூக்குவார் என்று நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது, ஒளிக்காமல் சொல்கிறேன். ஆனாலும் நீ தனியாக இருக்கக் கூடாது. எண்ணெய் தேய்க்கிறேன் என்று குழந்தையின் மூக்கில் மட்டும் விட வேண்டாம் என்று அவரிடம் பக்குவமாகச் சொல், நான் சொன்னதாகச் சொல்லாதே.

இன்னொன்றை நன்றாகக் காது கொடுத்துக் கேள். நான்தான் அம்மாவை ரேடியேஷனுக்குத் தள்ளினேன், நான்தான் இதற்குக் காரணம் என்று உன் மனசு இப்போது ஆரம்பித்திருக்கும். உன்னைப் பெற்றவளுக்குத் தெரியாதா. கட்டி திரும்பி வரவில்லை, போன மாதப் படத்திலும் சுத்தமாக இருக்கிறது, டாக்டரம்மா, “உங்க பொண்ணு பிடிவாதம் பிடிச்சது நல்லதாப் போச்சு” என்று அவர் வாயாலேயே சொன்னார். நீ செய்தது சரி. ஓரத்தில் பட்டது யார் குற்றமும் இல்லை. கேட்ட கேள்விக்கு இல்லை என்று சொன்னது மட்டும் என் குற்றம், அதில் உனக்குப் பங்கு கேட்டு வராதே, தரமாட்டேன். மூச்சுப் பயிற்சிக்கு மூன்று பந்து வைத்த ஒரு டப்பா கொடுத்திருக்கிறார்கள், குழாயை வாயில் வைத்து உறிஞ்சினால் பந்து மேலே ஏற வேண்டும். முதல் மாதம் ஒரு பந்து அசைந்தது, இப்போது இரண்டு ஏறுகிறது, மூன்றாவது என்னைப் பார்த்துக்கொண்டே அடியில் உட்கார்ந்திருக்கிறது. காலையில் பத்து தடவை, சாயங்காலம் பத்து தடவை, விடுவதாக இல்லை.

இனிமேல் எழுதப்போவதுதான் என்னை இந்தக் கடிதத்துக்கே உட்கார வைத்தது. சிட்டு, போன மூன்று ஞாயிற்றுக்கிழமையாக உன் பக்கமும் அணைகிறது. நீ போனில் சும்மா இருக்கும்போது எனக்கு உன் வீடு கேட்கும், ஃபிரிட்ஜ் உறுமுவது, கீழே வண்டி திரும்புவது, மேல்வீட்டில் யாரோ நாற்காலியை இழுப்பது, எல்லாம் கேட்கும், நான் உன் வீட்டை அப்படித்தான் பார்த்திருக்கிறேன். மாப்பிள்ளை சாப்பிட்டாரா என்று கேட்டேன், ஃபிரிட்ஜும் வண்டியும் நாற்காலியும் ஒரே நொடியில் காணாமல் போய்விட்டன. பத்து எண்ணினேன், எல்லாம் திரும்பி வந்தன, நீயும் திரும்பி வந்து, “ஆங், சாப்பிட்டார்மா” என்றாய், குரல் இருக்க வேண்டிய இடத்துக்குக் கொஞ்சம் மேலே இருந்தது. அடுத்த வாரம் தூக்கம் வருகிறதா என்று கேட்டபோது பதினைந்து எண்ணினேன். போன வாரம் நான் ஒன்றுமே கேட்கவில்லை, அப்போதும் அணைந்தது. ஒரு பொண்ணு பேசாமல் இருப்பது வேறு, விரலை வைத்து அமுக்கிக்கொண்டு இருப்பது வேறு, அந்த வித்தியாசத்துக்குள்ளேதான் நான் முப்பத்தொரு வருஷம் சம்பளம் வாங்கினேன், எனக்கே காது குத்தப் பார்க்கிறாயா. அழுகிறாயா, மாப்பிள்ளையோடு ஏதாவது சண்டையா, உடம்புக்கு ஏதாவது சொல்லியிருக்கிறார்களா, வேலையில் ஏதாவதா, எனக்குத் தெரியவில்லை. தெரியாமல் இங்கே உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருக்கிறேன். நான் இந்தப் பக்கம் அமுக்கிக்கொண்டிருக்கிறேன், நீ அந்தப் பக்கம் அமுக்கிக்கொண்டிருக்கிறாய், வாராவாரம் ஒரு மணி நேரம், இரண்டு பேரும் நன்றாக இருப்பதாகப் பேசி முடித்துவிட்டு வைக்கிறோம்.

இதை உனக்குக் கற்றுக் கொடுத்தவளே நான்தானே. பள்ளிக்கூடம் விட்டு நேரே கூண்டுக்கு வருவாய், என் நாற்காலிக்குக் கீழே உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாய். ஒரு நாள் நான் சொல்லிக்கொண்டிருக்கும்போது நீ தும்மி, அது நிலையம் முழுக்கக் கேட்டு, எல்லா டிரைவர்களும் கூண்டைப் பார்த்துச் சிரித்தார்கள். நான் உன் கையைப் பிடித்துச் சிவப்புப் பொத்தானில் வைத்து, இனிமேல் எது வந்தாலும் முதலில் இதை அமுக்கு, நம் கஷ்டம் வெளியில் கேட்கக் கூடாது என்றேன். உனக்கு ஏழு வயது. தும்மலுக்குத்தான் சொன்னேன், நீ எல்லாவற்றுக்கும் எடுத்துக்கொண்டுவிட்டாய், நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு உன்னை ஒரு தடவை சத்தமாகத் தும்ம விட்டிருக்கலாம்.

அதனால் அம்மா ஒரு ஏற்பாடு செய்திருக்கிறேன். இந்தக் கடிதம் உன் கைக்கு வந்ததும் போன் செய்யாதே, எனக்கு அன்றைக்குப் பேசக் குரல் இருக்காது. அடுத்து வருகிற ஞாயிற்றுக்கிழமை வழக்கமான நேரத்துக்குக் கூப்பிடு. நான் போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜையில் வைத்துவிட்டு இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொள்வேன். இருமல் வரும், கேட்கவே நன்றாக இருக்காது, காய்ந்த சத்தம், ஒரு தடவை ஆரம்பித்தால் ஒரு நிமிஷம் ஓடும். நீ பயப்படாமல், அம்மா அம்மா என்று கத்தாமல், முடிகிற வரைக்கும் கேட்டுக்கொண்டிரு. முடிந்ததும் நான் பேசுவேன், நாலு நாலு சொல்லாக வரும், பொறுத்துக்கொள். அப்புறம் உன் முறை. எனக்கு எதுவும் விளக்கிச் சொல்ல வேண்டாம், அழுதால் அழு, ஒன்றும் பேசாமல் இருந்தால் உன் ஃபிரிட்ஜையாவது கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

தள்ளி வைத்த வரியை இப்போது எழுதுகிறேன். இங்கே நான் பாதி சுகம். மீதியை நீ கூப்பிடுகிறபோது சொல்கிறேன். நீயும் மாப்பிள்ளையும் ஒருவருக்கொருவர் துணையாக, குட்டி நல்ல மூச்சோடு பிறந்து, முதல் அழுகையே தெருக்கோடி வரைக்கும் கேட்கும்படி அழுது, நீங்கள் எல்லோரும் நீண்ட காலம் நிறைவாக இருக்க வேண்டுமென்று அம்மாவின் மனமார்ந்த ஆசீர்வாதம். இடது பக்கம் திரும்பிப் படு, வாளி தூக்காதே, இரும்பு மாத்திரையை டீயோடு விழுங்காதே. முக்கியமாக, ஞாயிற்றுக்கிழமை விரலை எடுத்துவிட்டுக் கூப்பிடு.

இப்படிக்கு,
நீ விரலை எடுக்கிற வரைக்கும் எண்ணிக்கொண்டிருக்கும்
உன் அம்மா